முதியோர்க்கு உணவூட்டும் முறை

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன்னர்ப் பேசிய புலவர் அவர்கள் விருந்தோம்பலின் சிறப்பினை அழகுற விரித்துரைத்தார்கள். நான் புலவனல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தனாகக் காலங்கழித்து வருபவன். ஆதலின் இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. விருந்து என்பது நம் வாயிலைத் தேடி வருபவர்க்கு இடுவது. வாயில் வரையில் எழுந்து வர இயலாதவர்க்கு, தன் கையால் ஒரு கவளம் எடுத்து வாயிலிட மாட்டாதவர்க்கு இடும் சோற்றைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன். ‘முதியோர் இல்லங்கள்’ என்னும் பெரிய தலைப்பைக் குழுவினர் எனக்குத் தந்தார்கள். அதில் நண்பகல் 12 மணி முதல் 1 மணி வரையில் நடப்பதை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

ஒரு சொல்லை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். ‘நர்சிங் ஹோம்’ என்றால் நம் நாட்டில் சிறு மருத்துவமனை என்று பொருள். பிள்ளைப்பேற்றுக்கும் குடல்வால் அறுவைக்கும் நாம் செல்லுமிடம் அது. மேனாடுகளிலோ, முதுமையாலும் தீராப் பிணியாலும் பிறர் துணையின்றி இயங்க மாட்டாதார் நெடுநாள் தங்கியிருக்கும் இல்லத்தையே அச்சொல் குறிக்கும். அத்தகைய இல்லங்கள் இன்று நம் பக்கத்திலும் பெருகிவிட்டன. முதியோர் இல்லம் என்று நாமும், விருத்த சதனம் என்று மலையாளத்தாரும் சொல்கிறோம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி 60 வயது நிறைந்தோர் இந்தியா முழுமையிலும் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர், நாம் வாழும் கேரளத்தில் 12.6 பேர். பிள்ளைகள் வளைகுடாவிலும் வடநாட்டிலும் இருக்க, பெற்றோர் இங்கே தனித்திருக்கும் வீடுகள் காட்டாக்கடைச் சந்தையைச் சுற்றியே எத்தனை என்பதை நீங்களே அறிவீர்கள்.

என் தாயாரும் அத்தகைய ஓர் இல்லத்தில்தான் இருக்கிறார். இதைச் சொல்ல எனக்கு நாணமாகத்தான் இருக்கிறது. இரண்டாண்டுகளுக்கு முன் பக்கவாதம் கண்டு வலப்பக்கம் முழுதும் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. எனக்கு இரவுப் பணியும் பகற்பணியும் மாறி மாறி வரும். என் மனைவியும் வேலைக்குச் செல்பவள். ஆறு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தோம், முடியவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். அதன் பெயர் இங்கே வேண்டா. தூய்மையான இடம். வேளை தவறாமல் மருந்து தருகிறார்கள். அடித்தார்கள், வைதார்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

என் தாயார் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு இரயில் பாதை 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதன்றோ? அதற்கு முந்திய ஆண்டுகளில் பாறசாலைப் பக்கம் மண் வெட்டியும் கல் சுமந்தும் வேலை செய்தவர்களுள் என் தந்தையார் ஒருவர். என் தாயார் அப்போது இளம் வயதினர். பாதையோரத்தில் ஓலைக் கொட்டகை கட்டி, வேலையாட்களுக்குக் கஞ்சியும் பயறும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விற்றார். பலாவிலையைக் குவித்து ஈர்க்குக் குத்தி ஒவ்வொருவர்க்கும் அவரே கொடுப்பாராம். கடைசி ஆள் கைகழுவிய பிறகே அவர் உண்பார். வீட்டிலும் அப்படித்தான். அவர் உண்பதை நான் சிறுவயதில் பார்த்ததே அரிது. அடுக்களை வாயிற்படிக்கு உட்புறம், சுவரைப் பார்த்து அமர்ந்து உண்பார்.

இல்லத்தில் சேர்த்த நான்கு மாதத்தில் 52 கிலோ எடை 43 ஆயிற்று. குறிப்பேட்டில் நாள்தோறும் ‘உண்ண மறுக்கிறார்’ என்று எழுதியிருந்தார்கள். மூக்கின் வழியாகக் குழாய் செலுத்தி உணவு கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். கையெழுத்திடுவதற்கு முன் ஒருநாள் விடுப்பெடுத்துக் கொண்டு, நண்பகல் உணவு வேளையில் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

அன்று கண்டதைச் சொல்லுகிறேன். மணி அடித்தது. பணிப்பெண் ஒருவர் வந்தார். என் தாயாரின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக் கட்டினார். சோறு, பருப்பு, கறி, மோர் எல்லாம் ஒரே கிண்ணத்தில் கொட்டிப் பிசையப்பட்டிருந்தன. நின்றபடியே, பெரிய கரண்டியால் எடுத்து, ‘அம்மச்சீ, வாய்’ என்றார். தாயார் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முயல்வதற்குள் கரண்டி உதட்டில் இடித்தது. முதல் வாயை விழுங்கு முன்னரே இரண்டாவது கரண்டி வந்தது. அப்பணிப்பெண் அடுத்த கட்டிலின் அருகே நின்ற மற்றொருத்தியோடு பேருந்துக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தார். நான்காவது கரண்டிக்குத் தாயார் வாயை இறுக மூடிக் கொண்டார். கன்னத்தை அழுத்தினார்கள், திறக்கவில்லை. கடைவாயில் ஒழுகியதைக் கரண்டியின் விளிம்பாலேயே வழித்து மீண்டும் உள்ளே தள்ளினார்கள். ஆறு நிமிடத்தில் கிண்ணம் எடுக்கப்பட்டது. குறிப்பேட்டில் ‘உண்ண மறுக்கிறார்’ என்று எழுதப்பட்டது.

பேச்சிழந்த ஒருவரிடம் எஞ்சியிருக்கும் ஒரே சொல் வாயை மூடுவதுதான். அந்தச் சொல்லை நோயென்று எழுதினார்கள்.

அவ்வில்லத்தில் இத்தகையோரைக் ‘கோரிக்கொடுக்கேண்டவர்’ என்று மலையாளத்தில் சொல்கிறார்கள். கரண்டியால் அள்ளி ஊட்டப்பட வேண்டியவர் என்பது பொருள். நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் நாம் கிணற்றில் தண்ணீர் ‘கோருவது’ என்று சொல்வோம், அதே சொல்தான். சொல்லில் குற்றமில்லை. ஆனால் கிணற்று நீரைக் கோரிக் குடத்தில் ஊற்றும்போது குடத்தின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. மனிதர்களை அச்சொல்லால் அழைக்கத் தொடங்கிய பின் நம் கையும் அப்படியே பழகிவிடுகிறது.

அன்று எனக்குச் சினம் வந்தது உண்மை. அலுவலகத்தில் போய்ச் சத்தமிட வேண்டுமென்று எழுந்தேன். ஆனால் என் தொழில் கணக்கெழுதுவது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உணவு ஊட்டப்பட வேண்டியவர் 11 பேர். பணிப்பெண்கள் இருவர். மணி 12இலிருந்து 1 வரை. அதன் பின் பாத்திரம் கழுவ வேண்டும், படுக்கை மாற்ற வேண்டும். இருவர்க்கும் சேர்த்து 120 நிமிடம். அதில் பாதி, தாமே உண்ணும் ஏனையோர்க்குப் பரிமாறுவதில் போய்விடும். மிஞ்சிய 60 நிமிடத்தைப் 11 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தரை நிமிடம். அப்பெண் என் தாயார்க்கு ஆறு நிமிடம் தந்திருந்தார். கணக்குப்படி அரை நிமிடம் கூடுதல்! யாரிடம் போய்ச் சத்தமிடுவது?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வீட்டில் வைத்திருந்த ஆறு மாதத்தில் காலை வண்டியைப் பிடிக்க வேண்டிய நாட்களில் நானும் இப்படித்தான் ஊட்டினேன். தோளில் பை, கண் கைக்கடிகாரத்தில், நின்ற நிலை. ‘சீக்கிரம் அம்மா, வண்டி போய்விடும்’ என்பேன். மகன் என்பதால் தாயார் வாயைத் திறந்தார் போலும்.

கையெழுத்திடவில்லை. எங்கள் ஊராட்சியில் வீடு வீடாக வந்து படுத்த நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர் ஒருவர் உண்டு. ‘சாந்த்வன பரிசரணம்’ என்று இங்கு அதனைச் சொல்வர். நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று நாம் சொல்லலாம். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய அப்பணி, 2008இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆகி, உள்ளாட்சிகள் வழியே ஊர்தோறும் பரவியிருக்கிறது. நம் சங்கத்தார் பலர் இதனை அறியாமலிருப்பது எனக்கு வியப்பளிக்கிறது. வீட்டில் வைத்திருந்த காலத்தில் அச்செவிலியர் எங்களுக்குப் பழக்கம். அவரை வேண்டி அழைத்துச் சென்றேன். இல்லத்தாரும் மறுக்கவில்லை.

அவர் கேட்ட முதற்கேள்வி எடையைப் பற்றியதோ மருந்தைப் பற்றியதோ அன்று. ‘அம்மா முன்பு எப்படி உண்பார்? எந்தக் கையால் தண்ணீர் குடிப்பார்?’ என்று கேட்டார்.

நான் திகைத்தேன். பிறகுதான் விளங்கிற்று. வலக்கை விழுந்துவிட்டது. இடக்கை நன்றாக இயங்குகிறது. இல்லத்தார் தொடக்கத்தில் இடக்கையில் கரண்டியைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தாயார் அதை வீசியெறிந்துவிட்டார். ‘ஒத்துழைப்பதில்லை’ என்று அதையும் எழுதி வைத்திருந்தார்கள். எழுபது ஆண்டு வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம், பலர் பார்க்க, இடக்கையால் சோறுண்ணச் சொன்னால் அவர் என்ன செய்வார்? மானக்கேடு என்று நினைப்பார். அதைச் சொல்ல வாயும் இல்லை.

ஆனால் அன்பர்களே, நம் பந்தியில் இடக்கைக்கும் ஒரு வேலை உண்டு. வலக்கை எச்சிற்கையாயிருப்பதால் தண்ணீர்க் குவளையை இடக்கையாலேயே எடுக்கிறோம். அதில் யாருக்கும் மானக்கேடில்லை. செவிலியர் அதனைப் பிடித்துக் கொண்டார். உணவைக் கெட்டியான கூழாக்கிப் பிடியுள்ள குவளையிலிட்டு அந்த இடக்கையில் கொடுத்தார். தாயார் குவளையைச் சற்று நேரம் பார்த்தார். பின் தாமே உயர்த்திக் குடித்தார். நான் வெளியே போய் வராந்தாவில் நின்றேன்.

குவளையிலும் ஒரு சிக்கல் இருந்தது. நம் வீடுகளில் பாத்திரத்தில் உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதே ஆசாரம். தலையை அண்ணாத்தினால் விழுங்கும் வலிமை குறைந்தவர்க்குத் தண்ணீர் உணவுக்குழலில் இறங்காமல் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மோவாயைச் சற்றே தாழ்த்தி, சிறு சிறு வாயாக உறிஞ்சிக் குடிப்பதுதான் அவர்க்கு ஏற்றது. ஆனால் பொதுக் குவளையில் வாய் வைத்துக் குடிக்க என் தாயார் இசையார். என் மனைவி ஒரு வழி கண்டாள். தாயார் பெயர் வெட்டிய பழைய எவர்சில்வர் டம்ளரை வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். தம் பெயரை விரலால் தடவிப் பார்த்த பின்னரே தாயார் அதில் உதட்டை வைத்தார்.

கஞ்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளிக்கு ஆகாததேது, கஞ்சியைக் கொடு என்பது நம் ஊர் மருத்துவம். ஆனால் தண்ணீரும் பருக்கையுமாக இருக்கும் நம் கஞ்சி, தொண்டை தளர்ந்தவர்க்கு மிகவும் இடரானது. வாயில் பருக்கையை மெல்லும்போதே நீர் ஓடித் தொண்டைக்குள் இறங்கிவிடும். புரையேறும், சிலர்க்கு இருமல்கூட வராமல் நுரையீரலில் புகுந்து சளிக்காய்ச்சலாக முடியும். ஆகவே அக்கஞ்சியையே பருக்கை தெரியாமல் மசித்து, கரண்டியில் நிற்கும் பதத்தில் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொன்னார். யார்க்கு எந்தப் பதம் என்பதை மருத்துவரோ, விழுங்குதல் பற்றிய பயிற்சியுள்ளவரோ பார்த்துச் சொல்ல வேண்டும். நாமாக முடிவு செய்தல் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்க விடலாகாது. நலிந்த பக்கக் கன்னத்தில் சோறு தங்கிவிடும். ஆதலின் நல்ல பக்கத்தில் ஊட்டி, முடிவில் வாயைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பல்லும் நாக்கும் தூய்மையாயிருந்தால் நுரையீரல் நோய் குறையும் என்கிறார்கள்.

இவை உடம்பைப் பற்றியவை. மானத்தைப் பற்றியவற்றைச் செவிலியர் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டினார். முதலில் தாயாரின் கைகளைக் கழுவிவிட்டார். ஊட்டப்படுபவர்க்குக் கைகழுவுவானேன் என்று நான் நினைத்தேன். கைகழுவாமல் அவர் ஒருநாளும் உண்டதில்லையே! பிறகு கண்ணாடியை மாட்டினார். துண்டைக் கழுத்தில் கட்டாமல் மடியில் விரித்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். ‘இது பருப்பு’, ‘இது அவியல்’ என்று ஒவ்வொன்றையும் காட்டிச் சொன்னார். எது வேண்டும் என்பதைக் கண்ணாலே காட்டச் சொன்னார். தாயார் ரசத்தைப் பார்த்தார். அன்று 35 நிமிடம் ஆயிற்று. கிண்ணத்தில் முக்காற்பங்கு காலியாயிற்று.

எல்லாவற்றிலும் பெரியது அந்த முக்காலி என்றே எனக்குத் தோன்றுகிறது. நிற்பவர் ஊட்டினால் உண்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். அது தொண்டைக்கும் கேடு, மனத்துக்கும் கேடு.

நம் நாட்டில் உண்ணுமிடத்தில் யார் யாரோடு உட்காரலாம் என்பதற்காக நடந்த போராட்டங்கள் சிறியவையல்ல. தென் திருவிதாங்கூரில் 1809இல் தோன்றி 1851இல் மறைந்த அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். கொச்சி நாட்டுச் செறாயியில் சகோதரன் அய்யப்பன் 1917ஆம் ஆண்டு ஈழவரையும் புலையரையும் உடனுண்ணச் செய்தார். அதற்காக அவரைச் சொந்தச் சமூகத்தாரே தள்ளி வைத்து ‘புலையன் அய்யப்பன்’ என்று ஏசினர். நான் பணிசெய்யும் இரயில்வேயை எடுத்துக் கொண்டாலும், நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு ஓரிடம் என்றிருந்த பிரிவினை, பெருங்கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் ஒழிந்தது. இத்தனைக்கும் அடிப்படை ஒன்றுதான்: சோறு கிடைத்தால் மட்டும் போதாது, அதைச் சமமாக அமர்ந்து உண்ண வேண்டும் என்பது. அந்தச் சமபந்தியை ஊட்டுபவர்க்கும் உண்பவர்க்கும் இடையில் மட்டும் நாம் இன்னும் போடவில்லை.

வெளிநாட்டில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களில் நடந்த கேடுகள் வெளிப்பட்ட பின் 1987இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் இயற்றினார்கள். அதனையொட்டி ஆய்வாளர்க்குத் தரப்பட்ட வழிகாட்டுதல்களில் என்ன இருக்கிறது தெரியுமா? ஊட்டுபவர் தலைமாட்டில் நின்று ஊட்டலாகாது. குழந்தைக்குக் கட்டுவது போல் கழுத்தாடை கட்டலாகாது. பணியாளர் தமக்குள் பேசிக் கொண்டே ஊட்டலாகாது. உண்பவர்களை ‘ஃபீடர்கள்’ என்று பெயரிட்டு அழைக்கலாகாது. கோரிக்கொடுக்கேண்டவர் என்று நான் சொன்னேனே, அதுவேதான் இது! கடல் கடந்த நாட்டிலும் அதே நோய், அதே சொல். 2003இல் மேலும் ஒரு விதி செய்தார்கள். ஆள் பற்றாக்குறையைப் போக்க, குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி பெற்றவரை ஊட்டும் துணைவராக அமர்த்தலாம். ஆனால் விழுங்குவதில் சிக்கலுள்ளவர்க்கு அவர்கள் ஊட்டலாகாது என்பது அவ்விதி. இந்த 8 மணி நேரத்தை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றும் உண்டு. மறதிநோய் முற்றிய முதியவர் சிலர்க்கு வெள்ளைத் தட்டுக்குப் பதிலாக அடர்சிவப்புத் தட்டில் உணவிட்டுப் பார்த்தார்களாம். உணவின் அளவு நூற்றுக்கு 25 கூடிற்றாம். வெள்ளைத் தட்டில் வெள்ளை உணவு மங்கிய கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான் காரணம். சிலரை வைத்துச் செய்த சிறு ஆய்வுதான். ஆயினும் இதைப் படித்தபோது எனக்கு நம் வாழையிலை நினைவுக்கு வந்தது. பச்சை இலையில் வெள்ளைச் சோறு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! இல்லத்தில் வெள்ளைப் பீங்கானில் இட்டலி வைக்கிறார்கள். ஓர் இலைத் துண்டைத் தட்டின்மேல் விரித்தால் செலவில்லை. தோப்பில்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா?

மூக்குக் குழாயைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பக்கவாதம் கண்ட தொடக்க நாட்களில் அது உயிர் காக்கும் வேளைகள் உண்டு. மருத்துவர் சொன்னால் மறுக்க வேண்டா. ஆனால் மறதிநோய் முற்றியவர்களுக்குக் குழாயைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதே தக்கது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தார் 2014இல் அறிவுரை வெளியிட்டார்கள். பொறுமை கிடைக்காத இடத்தில் குழாய் வந்து நிற்கிறது. எந்தக் காரணத்தால் குழாய் என்று கேட்பதற்கு உறவினர்க்கு உரிமையுண்டு.

நம் நாட்டுச் சட்டத்தை விரிக்கப் போவதில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டந்தோறும் குறைந்தது 150 ஏழை முதியோர் தங்குமாறு இல்லங்கள் அமைக்கலாம் என்று அது மாநில அரசுகளுக்குச் சொல்கிறது. முறையீடுகளுக்கு 14567 என்ற தொலைபேசி எண் உண்டு. சட்டம் கூரை போடும், முக்காலி போடாது.

அவ்வில்லத்தில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். தமிழ் தெரியாது, மலையாளமும் அரைகுறை. செவிலியர் செய்து காட்டியதை மறுநாளே அப்படியே செய்தவள் அவள் ஒருத்திதான். மொழி தெரியாததால் அவள் என் தாயாரின் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பாள். ‘போதுமா அம்மா?’ என்ற இரண்டு சொற்களை மட்டும் என்னிடம் கேட்டுக் கற்றுக் கொண்டாள். ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பது என்னவென்று நம் சங்கத்தார்க்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இங்கு வந்த நம் பாட்டன்மாரும் இப்படித்தான் இரண்டு சொல், மூன்று சொல் என்று கற்றார்கள்.

ஆனால் அவளுக்கும் ஒரு நாளைக்கு ஐந்தரை நிமிடக் கணக்குத்தான். இங்கேதான் சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் வருகிறது. 11 பேருக்கு ஆளுக்கு 30 நிமிடம் என்றால் 330 நிமிடம். பரிமாறும் வேலையைப் பணிப்பெண்களுக்கே விட்டுவிட்டு, ஊட்டுவதற்கு மட்டும் 6 பேர் கூடுதலாகச் சென்றால் ஆளுக்கு 55 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிறது. நம் குடியிருப்பில் ஓய்வு பெற்றோர் மட்டும் எத்தனை பேர்! நண்பகல் 12 மணிக்கு நாம் வராந்தாவில் நாளேடு படித்துக் கொண்டுதானே இருக்கிறோம்?

இல்லத்தாரிடம் பேசிவிட்டேன். முதலில் தயங்கினார்கள், வெளியார் வந்தால் குற்றம் கண்டு எழுதுவார்களோ என்ற அச்சம். இருவர் மட்டும் ஒரு மாதம் வந்து பார்க்கட்டும் என்று இசைந்தார்கள். செவிலியர் நான்கு ஞாயிற்றுக்கிழமை, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாக, பயிற்சி தர ஒப்பியிருக்கிறார். மேலே சொன்ன 8 மணி நேரம் அதுதான். தொண்டை தளர்ந்தவர்க்குப் பயிற்சியுள்ள பணியாளரே ஊட்டுவர், நாம் மற்றவர்க்கு. படம் எடுக்கலாகாது. யார் வீட்டுப் பெரியவர் எப்படியிருக்கிறார் என்று வெளியே வந்து பேசலாகாது. ஒரே ஆள் ஒரே முதியவரிடம் தொடர்ந்து செல்ல வேண்டும்; வாரம் ஒரு புதுமுகம் என்றால் அவர்கள் மிரள்வர்.

சாதி கேட்பவர்கள் தயவுசெய்து வர வேண்டா. ‘நான் யார் வாயையும் தொட்டுப் பழக்கமில்லை’ என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். எனக்கும் பழக்கமில்லைதான், கற்றுக் கொண்டேன்.

அவ்வில்லத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பள்ளி ஆசிரியராயிருந்தவர், நடுங்கும் கை. நான் இதையெல்லாம் கேட்டுக் கொண்டு திரிவதைப் பார்த்துவிட்டு, ‘வாய்க்கரிசி போட எல்லோரும் வருவார்கள் தம்பி, அப்போது வாய் மூடியிருக்கும்’ என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. அவர் கையில் குவளை ஆடிக் கொண்டிருந்தது. பிடித்துக் கொள்ளவா என்று கேட்டேன். வேண்டா, பாதியளவு ஊற்றினால் போதும் என்றார். பாதியளவு ஊற்றினேன். சிந்தாமல் குடித்தார்.

என் தாயாரின் எடை இப்போது 47 கிலோ. குழாய் இதுவரையில் தேவைப்படவில்லை, நாளை தேவைப்படலாம். சென்ற ஞாயிறன்று நான் ஊட்டப் போனேன். மூன்றாவது கரண்டி ரசத்துக்கு வாயை மூடிக் கொண்டார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ரசத்தைச் சுவைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அடுக்களைக்குப் போய்ச் சொன்னேன். வெந்நீர் கலந்து கொடுத்தார்கள். பாதை வேலையாட்களுக்குச் சமைத்துப் போட்டவரல்லவா, இதில் விட்டுக் கொடுக்க மாட்டார்.

வர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதற்பயிற்சி அடுத்த மாத முதல் ஞாயிறு, பிற்பகல் 3 மணிக்கு, நம் சங்கக் கூடத்திலேயே நடைபெறும். வருபவர்கள் வீட்டிலிருந்து ஒரு கரண்டியும் ஒரு டம்ளரும் கொண்டு வர வேண்டும். முதல் மணி நேரத்தில் நாம் ஒருவர்க்கொருவர் ஊட்டிக் கொண்டு பார்க்க வேண்டுமென்று செவிலியர் சொல்லியிருக்கிறார்.